ஹெட்டி குடிபோன நிலவறை

காஸிமிர் பலகைகளைத் தோளில் சுமந்து வந்து நிலவறைக்குள் இறக்கியபோது, எதற்கென்று அவன் மனைவி ஹெட்டி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவன் கீழே குடிபோகப் போகிறான்.

அவர்களுடைய ஒரே மகள் டெல்ஃபின், ஏற்கெனவே ஒரு மணம் முறிந்த ரேமண்டைக் கட்டிக்கொண்டு ஓரிகனுக்குப் போனவள். அன்றிலிருந்து அவள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தான் காஸிமிர். ஹெட்டி மகளைப் பார்க்கக் கிளம்பிய இரண்டு தடவையும் சண்டை போட்டு நிறுத்தினான். குழந்தையைப் பெற்ற கையோடு டெல்ஃபின் இறந்துபோனாள். ஹெட்டி அடக்கத்துக்குத்தான் போய் வந்தாள், தனியாக.

திரும்பி வந்தவள் தலைமுக்காட்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"இனிமே உன் பக்கத்துல படுக்க என்னால முடியாது, காஸ்."

அவர்களுடைய கத்தோலிக்கக் கோவிலில் விவாகரத்துக்கு இடமில்லை. தோல் ஆலைச் சம்பளத்தில் மில்வாக்கியில் இரண்டு வீடு நடத்தவும் முடியாது. "சரி, நான் கீழ போயிடறேன்" என்றான் அவன்.

அவன் அப்பா காலத்து வீடு அது. நிலவறையின் கல்சுவர்களில் உப்புப் பூத்திருந்தது. மூலையில் பழைய கரித்தொட்டி, துணி துவைக்கும் தொட்டிகள், முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிகள். ஆலை விட்டு வந்ததும் கீழே இறங்கிவிடுவான். கரித்தொட்டியை உடைத்து வெளியே போட்டான். கழுவக் கழுவக் கறுப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்டெஃபான் படியில் நின்று எட்டிப் பார்த்தான்.

"என்னடா காஸ், ஊரெல்லாம் பேஸ்மென்ட்ல பார் கட்டுறான். நீ கட்டில் போடுறே?"

"பார் கட்டினா நீ உன் வீட்டுக்கே போக மாட்டே. அதான்."

ஸ்டெஃபான் சிரித்தான். காஸிமிர் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, மெல்லப் படியேறிப் போனான்.

பனி உருகியதும் கிழக்குச் சுவர் வழியே தண்ணீர் வந்தது. நிறுத்தியிருந்த மரச்சட்டமெல்லாம் ஊறிப்போயிற்று. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெளியே சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டித் தார் பூச இறங்கினான். ஹெட்டியின் பியோனிப் பூச்செடிகள் இருந்த இடம் அது. சமையலறை ஜன்னலில் நின்று அவள் பார்த்தாள். ஒவ்வொரு செடியையும் வேர்மண்ணோடு எடுத்து, சாக்கில் பொதிந்து, நிழலில் வரிசையாக வைத்தான்.

கோடை முடிவதற்குள் சுவரில் மரத்தகடு அடித்து, தரையில் லினோலியம் விரித்துவிட்டான். மேலே ஓடிய குழாய்களை மறைத்துத் தாழ்வாக ஒரு பலகைக் கூரையும் போட்டான்.

ஒரு சனிக்கிழமை துணிக்கூடையோடு ஹெட்டி கீழே வந்தாள். புதுக் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டிருந்தான் அவன். துணியில் ரத்தம்.

"எழுந்து நில்லு" என்றாள்.

நின்றான். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். கூரை உச்சந்தலையில் இடிக்க, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"பலகைக்கெல்லாம் அளவு எடுத்தியே, உனக்கு எடுக்கலியா?"

"எடுத்தேன்."

"எடுத்துமா?"

"எனக்கு இது போதும்."

ஹெட்டிக்கு இரக்கம் வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"தலையைக் குனிஞ்சுக்கிட்டு இங்க ஒளிஞ்சுக்கலாம்னு பார்க்கறியா? அது உனக்குச் சுலபம்டா, காஸ். நான் இருக்கேன் இங்க. எனக்குத் தலை தட்டாது. நீ மேலயே இரு. நம்ம பொண்ணு ரூம் கதவைத் தாண்டித்தானே நீ தினமும் கக்கூஸுக்குப் போகணும்? தாண்டிப் போ."

அன்றைக்கே தன் துணிமணிகளைக் கீழே கொண்டுவந்தாள்.

சமையல் மேலே, சாப்பாடு ஒன்றாக, பேச்சு உப்புக்கும் ரொட்டிக்கும் மட்டும். அப்படியே வருஷங்கள் போயின. கீழே படுத்திருந்தால் அவன் நடை தலைக்கு மேல் கேட்கும். மகள் அறையருகே வரும்போது எட்டி நடப்பான். பிறகு அந்த இடத்தில் நடை தயங்கத் தொடங்கியது. சில நாள் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு ஞாயிறு, கோவிலிலிருந்து வந்து அவள் செருப்பைக் கழற்றும்போது, மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கதவு. கட்டில் கிரீச்சிட்டது. பிறகு நெடுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. ஹெட்டி மேலே போய்க் காபி போட்டாள்.

காஸிமிர் வந்து மேஜையருகே உட்கார்ந்தான். கோப்பையைத் தொடவில்லை.

"அந்தக் குழந்தைக்கு என்ன பேர் வெச்சாங்க?"

அத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. ஹெட்டி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"லோரெட்டா. பள்ளிக்கூடம் போறா. ரேமண்ட் படம் அனுப்பறான்."

"யார் மாதிரி?"

"உன் மூக்கு. பாவம்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் தேற்றவில்லை, விலகிப் போகவுமில்லை.

ரேமண்டுக்குக் காஸிமிரே போன் செய்தான். அடுத்த ஜூலையில் ரேமண்ட் மகளை அழைத்து வந்தான். லோரெட்டா தன் தாயின் அறையில் படுத்தாள். காஸிமிர் வாரம் முழுக்க அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனான்.

வந்தவர்கள் ஊருக்குப் போன அன்று, "நீ மேல வந்துடேன், ஹெட்டி" என்று கேட்டான்.

"இல்ல, காஸ். என்னால அது இன்னும் முடியல" என்று சொல்லி, காய்ந்த துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள். ஆனால் அன்றிலிருந்து, அவன் நடை கேட்காத காலைகளில் அவளாகவே மேலே போய் அவன் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.