மயில் பார்த்த திசை

துருக்கியில் எங்கள் டாரஸ் மலையில், அந்தக் காலத்துப் பைசாந்தியர் கட்டிய தேவாலயம் ஒன்று இடிந்து கிடக்கிறது. அதற்குக் காவல் என் வீட்டுக்காரர் சத்தில்மிஷ். கல்யாணமான நாளிலிருந்து மனுஷன் என்னோடு இருந்ததைவிட அந்தத் தூண்களோடு இருந்ததுதான் அதிகம்.

தூணில் செதுக்கிய மயில் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கே தங்கம் இருக்குமாம். எங்கள் ஊர் மேதைகள் அப்படித்தான் சொல்வார்கள். மயில் பார்த்தது பலிபீடத்தை. அதன் அடியில் தோண்டித் தோண்டி, பின்னாலிருந்த அரைவட்டச் சுவரையே சாய்த்தார்கள். சிலுவை வடிவ ஞானஸ்நானத் தொட்டியின் படிகளையும் பெயர்த்தார்கள். இவர் குழியைச் சிமெண்ட் பூசி மூடினார். எதையோ மறைக்கிறார் என்று சிமெண்டையும் உடைத்தார்கள். முன்னால் நின்றவன் என் தம்பி வெய்செல்.

"அங்க ஒரு மண்ணும் இல்லடா!" என்று இவர் கத்தினார்.

"ஒன்னுமில்லாத இடத்துக்கு எதுக்கு மச்சான் சர்க்கார் காவல் போட்டிருக்கு?"

இவருக்கு வெறுத்துப்போய்விட்டது. நேற்று கேட் சாவியைத் திருப்பிக் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு வந்தார்.

இன்று காலையில் எழுந்து பார்க்கிறேன், எங்கள் வெங்காயப் பாத்தி முழுக்கக் குழி. நடுவில் மண்வெட்டியோடு வெய்செல்.

"தங்கத்த எடுத்துட்டுத்தானேக்கா மச்சான் வேலைய விட்டாரு? எங்க புதைச்சாருன்னு நீயாவது சொல்லு."