தங்கைக்காக நான் எழுதிய பதில்

என் தங்கை குழந்தை வளர்ப்பு பற்றி வீடியோ போடுபவள். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்த வீடியோவுக்குக் கீழே, "அழகு கெட்டுடும்னு பால் குடுக்காதவ எல்லாம் ஒரு அம்மாவா?" என்று ஆளாளுக்குத் திட்டியிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு மனச்சோர்வு, மாத்திரை சாப்பிடுகிறாள். தெரியாமல் பேசாதீர்கள்" என்று பதில் எழுதிவிட்டேன்.

பொழுது விடிவதற்குள் அதையே படம் எடுத்து, "இவளா நமக்குப் புத்தி சொல்றது?" என்று பரப்பிவிட்டார்கள். அவள் மாமியார் வரைக்கும் போய்விட்டது.

தங்கை போன் செய்தாள். "அவங்க திட்டினதுகூட வலிக்கலக்கா. உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

இப்போது யாருக்கும் நான் பதில் எழுதுவதில்லை. திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லியில் அவள் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறேன். "எப்படிடி இருக்க?" என்று கேட்டால், "நல்லாருக்கேன்க்கா" என்கிறாள், மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே.