நெருப்பில் கூட இருந்த கல்

சுட்ட களிமண்ணால் செய்த வட்டக் கல் அது. ஓட்டையில்லாத உளுந்து வடை அளவு இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் ஓர் எண்ணும் அயல்மொழியில் ஓர் ஊரின் பெயரும் அச்சுக் குத்தியிருக்கும். என் அக்கா அதைச் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு போட்டு இடுப்பில் செருகியிருந்தாள். பேருந்தில் சில்லறைக்காகப் பையைப் பிரித்தால் முதலில் வெளியே வருவது அந்தக் கல்தான். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ எடைக்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் அவர்களைத் திருத்தியதில்லை.

நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சான்றிதழுக்கு எந்த இணைப்பு வேண்டும், ஒரு காகிதம் எந்த மேசைக்கு வந்ததும் படுத்துக்கொள்ளும், அதை எழுப்பி உட்காரவைக்க யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சாவு வீட்டில் மற்றவர்கள் அழுவார்கள். நான் இறப்புப் பதிவுக்கு ஆளனுப்புவேன். இதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது. தொண்ணூறுகளில் ஒரு மார்கழியில், ஜெர்மனியில் ஒரு பழைய பல்கலைக்கழக நகரத்தில், அந்தக் கர்வத்தை நான் தொலைத்துவிட்டு வந்தேன். தேடவும் இல்லை.

அக்கா பிள்ளையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா தறியில் இருந்தவர். ஒரே மகன் பள்ளியில் படிக்கும்போதே மாமா இறந்துபோனார். மகன் நன்றாகப் படித்தான். வேதியியலில் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை கிடைத்து அந்த நகரத்துக்குப் போனான். “இதுவும் நம்ம ஊரு மாதிரிதாம்மா, நடுவுல ஒரு பெரிய கோயிலு, எங்க பாத்தாலும் பழைய கல்லு, தெரு பூரா சைக்கிளு” என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு அக்காவுக்குப் பாதிக் கவலை போய்விட்டது. பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில், பாவு நீட்டிக் கிடக்கும் தெருவில், நூல் மேல் படாமல் சைக்கிள் ஓட்டிப் பழகியவன் அவன். இரண்டாம் குளிர்காலத்தில், ஆற்றின் மேல் இருந்த கல் பாலத்தில், உறைந்த தண்ணீர் மேல் சக்கரம் சறுக்கித் தலை கைப்பிடிச் சுவரில் மோதியது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

உடலை அனுப்பலாம், ஆனால் பெட்டிக்கு முத்திரை வைத்திருக்கும், எந்தக் காரணத்துக்கும் திறக்கக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் இருந்து தகவல் வந்தது. நான் அக்காவுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: “மூடின பெட்டிய வச்சிக்கினு நான் இன்னாடா பண்றது? மூஞ்சியக் காட்ட மாட்டாங்கன்னா, நானே போயிப் பாத்துக்கறேன். எனக்கு அதுக்கு வழி பண்ணு.”

வழி பண்ணினேன். என் பணிக்காலத்தில் யாருக்காகவும் அப்படி ஓடியதில்லை. பாஸ்போர்ட் வந்தது, போலீஸ் விசாரணை முடிந்தது, விசாவுக்காகச் சென்னையில் குந்திக் கிடந்தோம். பிணம் காத்திருக்க அந்த ஊரில் ஒரு வரம்பு உண்டு. எங்கள் காகிதங்களுக்கு வரம்பு இல்லை. விசா கைக்கு வந்த அன்றே, அங்கே எரித்துவிட்டார்கள் என்ற செய்தியும் வந்தது. அக்கா அழவில்லை. “சாம்பலாவது இருக்குது இல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

சாம்பல் இருந்தது. ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி சாம்பலை வீட்டார் கையில் கொடுக்க மாட்டார்கள். அது நேராக ஒரு கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால், போய்ச் சேரும் ஊரில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருப்பதாக அந்த ஊர் அதிகாரி எழுதித் தர வேண்டும். நான் எங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்தான். பாலாற்றில் இந்தச் சாம்பலுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று எழுதச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார். “சார், ஆத்துல தண்ணியே இல்லியே. இன்னான்னு எழுதறது?”

“ஆறுன்னு எழுதுப்பா. தண்ணியப் பத்தி அவங்க கேக்கல.”

எழுதி, கோபுரச் சீல் குத்திக் கொடுத்தார். என் வாழ்நாளில் நான் வாங்கிய சான்றிதழ்களில் மிகவும் அபத்தமானதும், ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்கப்பட்டதும் அதுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த நகரம் பனியில் வெளுத்துக் கிடந்தது. அழகான ஊர் என்று சொல்ல வேண்டும்; உலகெங்கும் இருந்து ஆட்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். மலைமேல் இடிந்த அரண்மனை, கீழே ஆறு, குறுகலான தெருக்கள், மணிக்கு மணி அடிக்கும் கோபுரங்கள். பல நூறு ஆண்டுகளாக உலகத்துக்குப் பாடம் சொன்ன கட்டடங்களின் ஓரமாக, நூல் புடவைக்கு மேல் யாரோ ஒரு பேராசிரியரின் மனைவி கொடுத்த கறுப்புக் கோட்டும், என் காலுறையும், ரப்பர் செருப்புமாக அக்கா நடந்தாள். பூட்சு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். “காரியத்துக்கு வந்தவளுக்கு இன்னாத்துக்கு பூட்சு?” என்றாள். சூரியன் மாலை நாலு மணிக்கே போய்விடும். மீதி நேரத்தில், விடுதி அறையில் சூடாக்கும் இரும்புக் குழாயோடு முதுகை ஒட்டிக்கொண்டு இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

முதலில் பாலத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். மகனுடன் படித்த ஒரு பெண் வந்து இடத்தைக் காட்டினாள். அடிபட்டு விழுந்த இடத்தில் பால் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கடையில் வாங்கிய அட்டைப் பெட்டிப் பாலை அக்கா கைப்பிடிச் சுவரோரம் கவிழ்த்தாள். பனியின் மேல் பால் விழுந்தது. வெள்ளை மேல் வெள்ளை. எங்கே விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்றே தெரியவில்லை. அவள் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, ஊற்றினேனா இல்லையா என்று கேட்டாள். ஊற்றினாய் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. சைக்கிளில் போனவர்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அலுவலகம். அங்கேதான் முட்டிக்கொண்டது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. நம் ஆட்கள் எல்லாரையும் போல அவனும் அதில் அப்பா பெயரை நிரப்பியிருக்கிறான். ஆகவே அந்த நகரம் முழுக்க அவன் தன் அப்பாவின் பெயரால்தான் அழைக்கப்பட்டிருக்கிறான். அக்காவின் பாஸ்போர்ட்டில் அந்தப் பெயருக்கு ஒரே ஒரு எழுத்துதான், முன்னால். பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். அதில் பிள்ளைக்குப் பெயரே இல்லை. ‘ஆண் குழந்தை’ என்று இருந்தது. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவது நம் ஊர் நடைமுறை, பிறகு போய்ச் சேர்ப்பது நம் ஊர் நடைமுறையில் இல்லை. அந்த அதிகாரி கெட்டவர் அல்லர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தக் காகிதங்களின்படி இந்த அம்மாள் இறந்தவருக்கு யார் என்று தெரியவில்லையே என்றார். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்னும் கொஞ்சம் கடுமையாக.

ஒரு வழி இருந்தது. தாய் நேரில் நின்று, பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில், இறந்தவர் இன்னாருக்கும் தனக்கும் பிறந்த மகன் என்று வாயால் உறுதிமொழி சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் சொன்னால் சாம்பல் எங்களோடு வரும். இல்லையென்றால் அங்கேயே ஏதோ ஒரு தோட்டத்தில் புதைத்துவிடுவார்கள். எங்கள் விமானம் அதற்கு அடுத்த நாள்.

மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. அக்காவின் கையைப் பிடித்து வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தார். அக்கா மகன் பெயரைச் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். அதற்கு அடுத்த இடத்தில் நின்றுவிட்டாள்.

அவள் தன் வாழ்நாளில் கணவன் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். ரேஷன் கடையில் பக்கத்தில் நிற்பவர்கள் எடுத்துச் சொல்வார்கள். மாமாவுக்கு எங்கள் ஊர்ப் பெரிய கோயில் சாமியின் பெயர். அதனால் அந்தச் சாமியைக்கூட அவள் ‘பெரிய கோயில்காரர்’ என்றுதான் கும்பிட்டாள். அவர் செத்துப் பல ஆண்டுகள் ஆகியும் விடவில்லை. இப்போது உதடு அசைகிறது, குரல் வரவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போலி மனுதாரரைப் பார்க்கும் பார்வை. நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். நான் சொல்கிறேன் என்றேன். அக்கா எழுதிக் காட்டட்டும் என்றேன். வழக்கத்தை விளக்கினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்: “ஏலாதாம் ஐயா. அம்மா தன்ர வாயால சொல்ல வேணுமாம்.”

சன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அக்கா ரப்பர் செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, அந்தப் பெயரைச் சொன்னாள். உறுதிமொழி சொல்லும் குரலில் அல்ல. தெருமுனையில் போய்க்கொண்டிருப்பவரை வீட்டு வாசலில் இருந்து கூப்பிடும் குரலில். அடுத்த அறையில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“இப்ப குடுக்கச் சொல்லு,” என்றாள்.

கையெழுத்தானது, முத்திரையானது. தகரக் கலயம் ஒன்றைக் கொடுத்தார்கள். மூடியில் மாமாவின் பெயர் பெரிதாகப் பொறித்திருந்தது. படியில் இறங்கும்போது, அவள் அதை மடியோடு அணைத்துக்கொண்டு, என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல் சொன்னாள்: “சொன்னா ஆயுசு கொறையும்னாங்க. இனிமே யாருக்கு இன்னா கொறையப் போவுது.”

பாலாற்றில் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துத்தான் கரைத்தோம். மூடியைத் திறந்தால் எலும்பு என்று எடுக்க ஒன்றுமில்லை. எல்லாம் அரைத்த மாவு. கால் எலும்பில் தொடங்கித் தலைவரை பொறுக்கிப் பால் தெளிப்பதற்காகக் காத்திருந்தவள், மாவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். அந்தக் கல் கிடைத்தது. சாம்பல் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு பெட்டியிலும் எண் போட்ட கல் ஒன்றை வைத்து எரிப்பார்கள் என்று சொன்னேன். எனக்கு அந்த நடைமுறையும் அதற்குள் தெரிந்திருந்தது. சடங்கு செய்ய வந்தவர் அதையும் ஊற்றில் போடச் சொன்னார். சுடுகாட்டுப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தீட்டு என்றார்.

அக்கா கல்லை முந்தானையில் துடைத்தாள். “நாங்க யாரும் அங்க இல்ல சாமி. நெருப்புல அவன்கூட இருந்தது இது ஒண்ணுதான்.”

அவர் கல்லை விட்டுவிட்டு அடுத்த சடங்குக்குப் போனார்.

பிறகும் அக்கா சில ஆண்டுகள் இருந்தாள். ‘இருந்தாள்’ என்பதற்கு மேல் சொல்வதற்கில்லை. நெற்றியில் திருநீறு இட்டுக்கொள்வதுபோல தினமும் காலையில் கல்லை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். கணவன் பெயரை மறுபடி சொன்னதாக நான் கேட்டதில்லை. மார்கழியில் விடியற்காலையில் கொஞ்சம் குளிர்ந்தால்கூட, “அங்க இன்னும் பனி பெய்யுமாடா?” என்பாள். பெய்யும் என்பேன்.

அவள் போனபோது இறப்புப் பதிவு, மருத்துவர் சான்று, சுடுகாட்டு ரசீது எல்லாம் நானே முடித்தேன். எங்கும் ஒரு தடங்கலும் இல்லை. உறவினர்கள் பார்க்காத நேரத்தில் சுருக்குப்பையில் இருந்து கல்லை எடுத்து அவள் வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். இப்படிச் செய்யலாமா என்று யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் எலும்பு பொறுக்கப் போனேன். சாம்பலைக் கிளறிய ஆள் நிமிர்ந்து, அந்தக் கல்லை என் முன் நீட்டினான். கொஞ்சம் கறுத்திருந்தது. எண் அப்படியே இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. அவன் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா சார் இது? நம்பர் போட்ட கல்லு கீது உள்ள. தூக்கிப் போட்டுடவா?”

“வேணாம்பா,” என்றேன். “அது அவங்க பையன். கலயத்துல கூடவே போடு.”