ஈயத்தாள் பெட்டியும் மக்கீன் வீட்டுக் கமராக்களும்

மாவனல்லையில் கொழும்பு–கண்டி வீதியோரம் மக்கீன் முதலாளிக்கு ஒரு கடை இருந்தது. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், தேயிலைத்தூள் எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்குப் பின்னால்தான் வீடு. அந்த வீட்டுக்குள் கமராக்கள் வந்து குடியேறியது ரப்பர் விலை விழுந்த வருஷத்தில்.

அந்த வருஷம் தோட்டத் துரைமார் பலர் கப்பலேறிப் போனார்கள். போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மக்கீன் பீங்கான் கோப்பை எடுக்கப் போகிறேன் என்று புறப்படுவார். தோளில் ஒரு கமராவோடு திரும்புவார். முதலில் வந்தது பித்தளை மூக்கு வைத்த பெரிய மரக் கமரா. அதற்கு ஆர்மோனியம் போல மடிப்பு மடிப்பாகத் தோல் துருத்தி இருந்தது. அடுத்த ஏலத்தில், மடக்கினால் பெரிய புத்தகம் அளவுக்குச் சுருங்கும் நடுக் கமரா. அதற்கடுத்து ஒரு சின்னப் பெட்டிக் கமரா. அவற்றோடு முக்காலிகள், லென்ஸ்கள், படம் விழும் கண்ணாடித் தட்டுகளைப் போடும் மரச் சட்டங்கள், சிவப்பு விளக்கு, மருந்துப் போத்தல்கள் என்று வீடு நிறைந்துவிட்டது.

மக்கீனின் தாய் ஸபியா உம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இந்த ஊட்டுல மனுசருக்குக் கால நீட்ட எடமில்ல. ஒன்டக் கண்ணாடிக் கண்ணுகளுக்கு மட்டும் அலுமாரி!"

"உம்மா, தொரைமாரு பவுன் குடுத்து வாங்கின சாமான் இது."

"அந்தத் தொரைமாரே வாணாமெண்டு உட்டுட்டுப் போய்ட்டாங்களே மகன். நீ ஏன் தூக்கிட்டு வாற?"

அவற்றை அடுக்கி வைக்கிற வேலை மருமகள் நூரியாவின் தலையில் விழுந்தது. தன் கலியாண உடுப்புகளை ஒதுக்கி அலுமாரியில் இடம் செய்தாள். ஆனால் எந்தச் சட்டம் எந்தக் கமராவுக்கு என்று தெரியாமல் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தன. ஒரு நாள் பெரிய கமராவின் மூடியைத் தேடி மக்கீன் வீட்டைப் புரட்டிப் போட்டார். அது கடைசியில் நடுக் கமராவின் பைக்குள் கிடந்தது. அன்றைக்கே நூரியா தையல் வெட்டுத் துணிகளை எடுத்து உட்கார்ந்தாள். பெரிய கமராவுக்குப் பச்சை, நடுக் கமராவுக்குச் சிவப்பு, பெட்டிக் கமராவுக்கு நீலம். ஒவ்வொன்றின் மூடி, சட்டம், லென்ஸ் எல்லாவற்றுக்கும் அந்த நிறத்திலேயே பை தைத்தாள். மருந்துகளுக்குத் தனி இடம் பார்த்தாள். படம் கழுவுகிற ஒரு மருந்து கற்கண்டு மாதிரியே இருக்கும். கடைவீட்டில் அதைக் கீழே வைப்பது ஆபத்து. அதைக் கூரைக்குக் கீழே உறியில் கட்டித் தொங்கவிட்டாள்.

மக்கீன் வீதியையும் பாலத்தையும் படம் எடுப்பார். சாமான் அறையை இருட்டாக்கி அவர் தட்டுகளைக் கழுவும்போது சிவப்பு விளக்கைப் பிடிப்பது நூரியா. பிடித்துப் பிடித்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். அடுத்த வீட்டு றுகையா கலியாணமாகிக் கலவானைக்குப் போகவிருந்தபோது ஒரு படம் வேண்டும் என்றாள். ஆனால் ஆம்பிளை முன்னால் முகத்தைக் காட்டி உட்கார அவளால் முடியாது. அதனால் நூரியாவே பின்வளவில் பெரிய கமராவை நிறுத்தி அவளைப் படமெடுத்தாள். படம் தெளிவாக விழுந்தது. றுகையாவின் தாய் அதைப் பார்த்து அழுதேவிட்டாள்.

அந்தச் செய்தி பெண்களுக்குள் பரவிற்று. "எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கொ", "எங்கட மகளுக்கும்" என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். அதுவரை நூரியாவை மக்கீன் முதலாளியின் பெண்சாதி என்றுதான் ஊர் அறிந்திருந்தது. இப்போது, அவளால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலைக்காக அவளைத் தேடி வந்தார்கள். அந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் வெளியே சொல்லவில்லை.

மே மாதம் மழை இறங்கியது. அந்தப் பக்கத்து மழையில் செருப்பும் பூக்கும், திருக்குர்ஆன் வைக்கிற பலகையும் பூக்கும். அலுமாரியைத் திறந்தபோது பெரிய கமராவின் துருத்தியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல் போல ஒரு படலம். மக்கீன் எடுத்த படங்கள் எல்லாம் மூடுபனிக்குள் எடுத்தவை போல வந்தன. கடைக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். மக்கீனுக்கு ஆசை விட்டுப்போயிற்று.

"கண்டியில படக்கடை வெச்சீக்கிற ரஸாக் நானாக்குச் செல்லி அனுப்பப் போறன். மழை முடிய வருவாரு. எல்லாத்தயும் குடுத்துடுவோம்."

நூரியா கமராவைக் கையில் எடுத்துக்கொண்டாள். "பூஞ்சணம் புடிக்காம நான் வெச்சுக் காட்டினா?"

"ஏலுமா ஒனக்கு?"

"ஏலும்."

மக்கீன் சிரித்தார். "சரி. ரஸாக் நானா வாற நாளைக்கு ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லாம ஈந்தா விக்கல்ல. ஈந்தா குடுத்துடுவன், மறு பேச்சில்ல."

ஏலும் என்று சொல்லிவிட்டாளே தவிர எப்படி என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஊரில் பூஞ்சணத்துக்கு எல்லோரும் அறிந்த மருந்து புகைதான். ரப்பர் சீட்டைப் புகைக் கூட்டில் தொங்கவிட்டால் பூஞ்சணம் கிட்ட வராது. வீடுகளிலும் அடுப்புக்கு மேலே தும்மஸ்ஸ என்று ஒரு மூங்கில் பரண் இருக்கும். கறிக்குப் புளியாகப் போடும் கொறக்காய், விதைச் சோளம், கருவாடு எல்லாம் அதில்தான் புகை குடித்துக்கொண்டு கிடக்கும். நூரியா கமராக்களைப் பையோடு தூக்கித் தும்மஸ்ஸவில் வைத்தாள். நேர் அடுப்புக்கு மேலே பெரியது. ஓரத்தில் மற்ற இரண்டும்.

ஸபியா உம்மா முதல் தடவையாக மருமகளை மெச்சினாள். "இது புத்தி. அங்க வெச்ச கொறக்காய் எந்தக் காலத்துல பழுதாகிச்சு?"

இரண்டு கிழமை கழித்து இறக்கிப் பார்த்தாள். பூஞ்சணம் இல்லைதான். ஆனால் பெரிய கமராவின் துருத்தி காய்ந்த அப்பளம் போல விறைத்திருந்தது. மெதுவாக இழுத்தபோது ஒரு மடிப்பு நெடுக வெடித்தது. லென்ஸில் புகைக் கறை படிந்து வெறுந்தேநீர் நிறத்தில் இருந்தது. ஓரத்தில் இருந்த இரண்டுக்கும் கறை மட்டும்தான், நல்ல காலம்.

அவள் அதை ஒளிக்கவில்லை. கடைக்கதவுக்கு உட்பக்கம் நின்று மக்கீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். மக்கீன் கமராவை வாங்கி மணந்து பார்த்தார்.

"அட அல்லாஹ்! கமராவையும் கருவாடாக்கிட்டியே புள்ள!"

அது கடையில் நின்றவர்களின் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள், "மொதலாளி, கமராக் கருவாடு றாத்தல் எவ்வளவு?" என்று கேட்காமல் யாரும் சாமான் வாங்கவில்லை. நூரியா அடுப்படியில் இருந்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு எழுந்து, எரிசாராயத்தில் துணியை நனைத்து, கழற்ற முடிந்த லென்ஸ்களைக் கழற்றி உள்ளும் புறமும் துடைக்கத் தொடங்கினாள். பழைய குடையின் கறுப்புத் துணியை வெட்டி, வெடித்த மடிப்பில் பிசின் வைத்து ஒட்டினாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால் வெளிச்சம் உள்ளே போகவில்லை.

அந்த நாட்களில்தான் தோட்டத்து வண்டிக்கார ஏழுமலை கடைக்கு, உட்புறம் ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிகள் கொண்டுவந்தான். இறக்கும்போது ஒரு பெட்டியின் மூடியைக் கடைப் பையன் கத்தியால் நெம்பப் போனான். ஏழுமலை கத்தினான்.

"ஏய் ஏய், ஈயத்தாள கிழிச்சிறாத! கிழிச்சிட்டா நாளைக்கே தூளு நமுத்துப் போயிரும். அப்புறம் மொதலாளி என்னையத்தான் வைவாரு."

நூரியா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "சாக்குல ஈக்கிற தூள் மட்டும் ஏன் நமுக்குது?"

"சாக்கு மூச்சு விடும்ங்கம்மா. தூளு இருக்கே, அது பொல்லாதது. காத்துல கெடக்கிற ஈரத்தையும் இழுக்கும், பக்கத்துல கருவாடு இருந்தா அந்த நாத்தத்தையும் இழுக்கும். ஸ்டோருல சூடா வறுத்து, சூட்டோட ஈயப் பெட்டியில அடைச்சாத்தான் சீமை போயும் மொறமொறன்னு இருக்கும்."

அவன் போன பிறகு நூரியா சாக்குத் தூளில் ஒரு பிடி, பெட்டித் தூளில் ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தாள். ஒன்று உருண்டை பிடித்தது. மற்றது விரலிடுக்கில் மணல் போல உதிர்ந்தது. ஒரே கடை, ஒரே மழை. தூள் ஈரத்தை இழுக்குமென்றால், பெட்டிக்குள் இருக்கிற ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும்தானே என்று அவளுக்குத் தோன்றியது.

ஈயத்தாள் கிழியாத வெறும் பெட்டிகளில் மூன்றைப் பொறுக்கி எடுத்தாள். கமராவுக்கு ஒரு பெட்டி. மட்டமான உடைசல் தூளை இரும்புச் சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் நெருக்கமான துணிப் பைகளில் கட்டி அடியில் போட்டாள். அதன் மேல் பலகை, பலகை மேல் துணிப் பையோடு கமரா. பெட்டிகள் நிலத்தைத் தொடாமல் செங்கல் மேல் நின்றன. உள்ளே ஈரம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொரித்த அப்பளத்துண்டு ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் மூலையில் வைத்தாள்.

மாமி ஸபியா உம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "கமராக்கும் சோறு கறி வெக்கிறியா? அப்பளத்தோட நிப்பாட்டிட்டியே, ஊறுகாய் வாணாமா?"

"நீங்க போட்ட ஊறுகாய் ஈந்தாத் தாங்கொ மாமி, அது நல்லாத் திங்கும்."

மாமி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை திறந்தபோது இரண்டு பெட்டிகளில் அப்பளம் நொறுங்கியது. சிவப்புப் பைப் பெட்டியில் மட்டும் துவண்டு கிடந்தது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு விரிசல். தேன்மெழுகை உருக்கி அதை அடைத்தாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மாவுக்கு ஆண்கள் போன நேரத்தில் தூளை மறுபடி வறுத்தாள். கமராக்களைக் கொஞ்ச நேரம் காற்றாட விட்டாள். மழை ஓயாமல் பெய்தது. பாலத்தடியில் ஆறு கலங்கி ஓடியது. பெட்டிகளுக்குள் அப்பளம் மொறுமொறுவென்று இருந்தது.

மழை வெறித்த பிறகு ரஸாக் நானா கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டு, துருக்கித் தொப்பி, கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. மக்கீன் பெட்டிகளை முன்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். நூரியா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள்.

ரஸாக் பெரிய கமராவின் துருத்தியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதென்ன, கொடை ஒண்டத் தச்சு வெச்சீக்கிறீங்க? இது எனக்கு வாணாம்." ஆனால் அதன் லென்ஸைப் பார்த்துத் தலையாட்டினார். "கண்ணாடி சுத்தம்." பெட்டிக் கமராவும் சுத்தம். நடுக் கமராவைக் கையில் எடுத்ததும் அவர் கண் மலர்ந்தது. "இது நல்ல சாமான். இதுவும் சுத்தமாத்தான் ஈக்கிது."

மக்கீன் நூரியாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. அந்த இடத்தில் நூரியா பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் வீட்டிலேயே நின்றிருக்கும். ஆனால் முந்தின வெள்ளிக்கிழமையே அவள் அந்த லென்ஸின் உட்கரையில் ஒரு பூஞ்சண நூலைக் கண்டிருந்தாள். விரிசலை அடைக்குமுன் புகுந்த ஈரத்தில் முளைத்தது அது; துடைக்கலாமென்றால் அந்த லென்ஸ் அவள் கைக்குக் கழன்று வரவில்லை.

"கரையில பாருங்கொ," என்றாள். "ஒரு பொட்டு ஈக்கிது."

ரஸாக் உருப்பெருக்கியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "ஓ, ஈக்கிது. களட்டித் தொடச்சாப் போய்டும். நானென்டா செல்லியிருக்க மாட்டன்."

மக்கீன் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஒரு பொட்டு ஈந்தாலும் விக்கிறெண்டுதான் பேச்சு. நான் பேச்சு மாற ஏலாது."

நூரியா, மூன்றுமே போகப் போகின்றன என்று நினைத்தாள்.

"ஆனா பொட்டு மூண்டுலயும் இல்லயே," என்றார் மக்கீன். "பொட்டு ஈக்கிறது இதுல. இதக் கொண்டு போங்கொ நானா. மத்த ரெண்டும் நூரியாட."

உள்ளேயிருந்து ஸபியா உம்மாவின் குரல் கேட்டது. "அதுக்கு மாத்தா என்னத்த வாங்கப் போற மகன்? திரும்ப ஒரு கமரா கொண்டுவந்தியோ, நான் காலியில ஈக்கிற மகள் ஊட்டுக்குப் போய்டுவன்!"

எல்லோரும் சிரித்தார்கள். மக்கீன் மனைவியைக் கேட்டார். "செல்லு நூரியா. மாத்தா என்ன வேணும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "கண்ணாடித் தட்டு. பெரிய கமராக்கு அளவானது. எத்தின பேர் காத்துட்டு ஈக்கிறாங்க!"

தட்டுகள் அடுத்த கிழமை கண்டி பஸ்ஸில் வந்தன. சிவப்புப் பைப் பெட்டி காலியாகத்தானே கிடந்தது; அதற்குள் அவற்றை அடுக்கினாள்.

வெயில் விழுந்த முதல் காலையில் பின்வளவில் வெள்ளைச் சீலை கட்டினார்கள். முதலில் வந்து உட்கார்ந்தது ரஹ்மா. தபால் கந்தோருக்குப் பக்கத்தில் பலகாரம் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் விதவைப் பெண். மடியில் கைக்குழந்தை. குடைத்துணி ஒட்டிய பெரிய கமராவுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நூரியா பார்த்தாள். தலைகீழாக, ஆனால் துல்லியமாக, ரஹ்மாவின் நெற்றிச் சுருக்கம்கூடத் தெரிந்தது. காற்று வந்து சீலையை உதறியதில் முதல் தட்டு வீணாயிற்று. சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொரு மூலையாகச் சீலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"புள்ள அசையும் நூரியா," என்றாள் ரஹ்மா.

"அசஞ்சா இன்னொண்டு எடுப்பம். தட்டு ஈக்கிது. நீங்க மட்டும் மூச்சப் புடிச்சுக்கோங்கொ," என்று சொல்லி நூரியா மூடியைக் கழற்றினாள்.