தேனீ அலமாரி

அலுவலகத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். கறுப்புக் கோட்டெல்லாம் கிடையாது, பொது நூலகத்தில் நூலகர், அவ்வளவுதான். ஆனால் யாராவது வந்து "இந்தப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும், அதைப் பெற்றவளே அவள்தான் என்பதுபோல எழுந்து வந்துவிடுவாள். முழுதும் படித்தீர்களா, எந்தப் பக்கம், அதில் என்ன குற்றம் என்று கேள்விமேல் கேள்வி. வந்தவர் பாதியிலேயே குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர், "எனக்காக ஒரு நாளாவது இப்படிப் பேசியிருப்பியா?" என்று சீண்டுவார்.

அந்த வெறி சின்ன வயதிலேயே பிடித்தது. தலையணைக்கு அடியில் இருந்த நாவலை அவள் அப்பா எடுத்துப் பார்த்துவிட்டு, கிழித்து அடுப்பில் போட்டார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவள் வேறு ஊர் நூலகத்துக்குப் பேருந்தில் போய் நின்றுகொண்டே படித்தாள். முடிவு சுமார்தான். ஆனாலும் அடுத்தவர் படிப்பதில் கை வைக்க எவருக்கும் உரிமை இல்லை என்பது அன்றோடு அவள் மனதில் ஊறிப்போயிற்று.

பிறகு அதையே ஆய்வாக எடுத்துக்கொண்டாள். தடை என்று பகிரங்கமாக அறிவித்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். நூலகங்களில் நடப்பது அதுவல்ல. மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி வரும். "அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் உள்ளே எடுத்து வையுங்கள்" என்பார்கள். எழுத்தில் ஒரு வரி கேட்டால் கிடைக்காது. நூலகரும் வேலை போய்விடுமோ என்று பயந்து காதும் காதும் வைத்தாற்போல எடுத்து வைத்துவிடுவார். புத்தகம் செத்ததா பிழைத்ததா என்று கேட்க நாதி இருக்காது. இதை வெளியே கொண்டுவர வேண்டும் என்றுதான் விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய் நூலகர்களிடம் பேசினாள். பெயரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அவர்கள் வாயைத் திறந்தார்கள்.

அப்படிப் போனதில் ஒருத்தி, பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு மூத்தவள். இவள் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியவள். விடுதியில் இடமில்லாதபோது ஒரு வருஷம் தன் கட்டிலில் பாதியைக் கொடுத்தவள். இப்போது சின்ன ஊர் ஒன்றில் கிளை நூலகர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை வெளியூரில். நூலகத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. அதுவும் வேலையோடு சேர்ந்து வந்த அறை.

அக்காவுக்கும் அந்தத் தொலைபேசி வந்திருந்தது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் புத்தகம், விவாகரத்துச் சட்டம், ஆலை வேலைநிறுத்தம் பற்றிய ஒரு வரலாறு, இன்னும் சில. அக்கா எல்லாவற்றையும் எடுத்தாள். எடுத்து எங்கே வைத்தாள் தெரியுமா? தேனீ வளர்ப்பு அலமாரியில்! அந்த ஊரில் தேனீ வளர்ப்பவர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பக்கம் ஈ காக்கா எட்டிப் பார்க்காது. யாராவது பெண் தயங்கித் தயங்கி மேசைக்கு வந்தால், அவள் கேட்பதற்கு முன்பே, "தேனீ பக்கம் பாரும்மா" என்பாள் அக்கா. அதைச் சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வக்கீலம்மாவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அறிக்கை எழுதும்போது வக்கீலம்மா கவனமாகத்தான் இருந்தாள், பாவம். அக்காவின் பெயரை எடுத்தாள், ஊரை எடுத்தாள், விதவை என்பதை எடுத்தாள். அக்காவை ஆணாகவே மாற்றிவிட்டாள்! மூன்று பிள்ளைகளைக் கொடுத்தாள், மூக்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டாள். பெற்ற தாயே பார்த்தாலும் அடையாளம் தெரியாது. அந்த அலமாரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். அத்தனை பயந்த கதைகளுக்கு நடுவில் தைரியமாக இருந்தது அது ஒன்றுதான், அதை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

நூலகர் மாநாட்டில் அவள் அறிக்கையை வாசிக்க, அந்த இடம் வந்தபோது அரங்கமே சிரித்தது, பிறகு கைதட்டியது. இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகை அதையே தலைப்பாகப் போட்டது. பத்திரிகையைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக் கணவரைக் கூப்பிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இதை ஒரு அதிகாரி படிச்சா ஊர் பேரெல்லாம் எதுக்கு? எல்லா நூலகத்துலயும் அந்த ஒரு அலமாரியைத் திறந்து பார்த்தா போதுமே" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆய்வு, முறை, நெறி என்று எவ்வளவு படித்திருந்தாள், இது மண்டையில் உறைக்கவில்லையே! உடனே அக்காவின் நூலகத்துக்குப் போன் போட்டாள். நீண்ட நேரம் அடித்தது. எடுத்த அக்கா, "இங்க ஆளுங்க வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் பேசவில்லை.

விசாரணை ஒப்புக்குத்தான் நடந்தது. உத்தரவை மீறியது, நூல்களை ஒளித்தது என்று குற்றம். அப்படி ஒரு உத்தரவே இல்லை என்று அதுவரை சாதித்தவர்கள், அதை மீறியதற்காக மட்டும் வேலையைப் பறித்தார்கள். என்ன அநியாயம்! அறையை வார முடிவுக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

வக்கீலம்மா லீவு போட்டுவிட்டு ஓடினாள். அறையில் கட்டில் கழற்றப்பட்டுச் சுவரோடு சாய்ந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து பாத்திரங்களுக்குப் பழைய துணி சுற்றிக்கொண்டிருந்தாள். மேல்முறையீடு செய்தால் தானே வந்து சாட்சி சொல்வதாக, எல்லாம் தன்னால்தான் என்று எழுதிக் கொடுப்பதாக, வந்தவள் படபடவென்று கொட்டினாள்.

"நீ வந்து நின்னா அந்த அதிகாரி என் ஒருத்தியோட விடமாட்டான். வேற யார் யார் பேசினாங்கன்னு கேப்பான். அவங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. பேசாம இரு."

ஊரெல்லாம் பேசிய வாயை இந்த ஒரு விஷயத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் அக்கா நடுத்தெருவில் நிற்கும்போது. மன்னிப்புக் கேட்டாள். அக்கா, அந்த அறிக்கை கையில் இருக்கிறதா என்று கேட்டாள்.

பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போய் நின்று, தன்னைப் பற்றிய பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தாள். மூன்று பிள்ளைகள் வந்த இடத்தில் உதடு லேசாகக் கோணியது. அலமாரி வந்த இடத்தில் சிரித்தேவிட்டாள், அரங்கம் சிரித்த அதே சிரிப்பு. பிறகு மூடி இவளிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றாள். "ஊருக்கெல்லாம் படிக்கக் குடுக்கணும்னு சண்டை போடறே. என்னைப் பத்தினதை எனக்கு ஒரு தடவை படிக்கக் குடுத்திருக்கலாம். அந்தத் தேனீ வரியை மட்டும் அடிச்சிட்டு மத்ததைப் போடச் சொல்லியிருப்பேன்."

வக்கீலம்மா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அக்கா அவளைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. அறிக்கையை அவள் மடியில் வைத்துவிட்டு, அடுத்த பாத்திரத்தை எடுத்துத் துணி சுற்ற ஆரம்பித்தாள்.