வாசலுக்கு வந்த டபள் கேப்

சண்டை முடிந்து மன்னார்ப் பாதை திறந்ததிலிருந்து என் கணவருக்கு இரண்டு வரிசை சீட் வைத்த டபள் கேப் பிக்கப் கதைதான். எங்கள் பழைய ஊருக்குப் போகும் காட்டு ரோட்டில் மழை பெய்தால் முழங்கால் சேறு. அதற்குப் புது ஃபோர் வீல் வாகனந்தான் சரியாம்.

டீசல் குடிக்கும், ஒழுங்கைக்குள் திரும்பாது, ஊர்க் கண் படும் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாம் சாட்டு. எனக்குப் பயம், அவ்வளவுதான். தொண்ணூறில் இயக்கத்துக்காரர் முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது வாசலில் ஒரு லொறி எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. அதில் ஏறித்தான் ஊரை விட்டுப் புத்தளத்துக்கு வந்தோம். இப்போதும் வாசலில் எஞ்சின் இரைந்தால் மகள் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். சொன்னால் பகிடி பண்ணுவாரென்று சொல்லவில்லை.

மனிதர் என்னைக் கேட்காமலே ஒரு லீவு நாள் காலையில் வாகனத்தை வாசலுக்கு வரவழைத்துவிட்டார். விற்க வந்தவர் எஞ்சினை ஓடவிட்டபடியே, “ஏறுங்க ராத்தா, பக்கத்துல நுரைச்சோலை வரைக்கும் ஓடிப் பாப்பம்” என்றார்.

முக்காடு போட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். வந்து, ஓட்டிப் பார்க்க ஸ்டியரிங்கில் இருந்த கணவருக்குப் பக்கத்தில் ஏறினேன். அவர் என் மடியைப் பார்த்தார்.

“இது என்னத்துக்கு புள்ள?”

அலுமாரியின் அடித்தட்டில் இருக்கும் பை. காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், மகளின் இரண்டு சட்டை. எங்கள் குடியேற்றத்தில், திரும்ப ஓட வேண்டி வந்தால் தூக்க, அப்படியொரு பை கட்டி வைக்காத வீடே இல்லை. மேலே ஒரு போத்தல் தண்ணீர் வேறு. எப்போது நிரப்பினேன்? அல்லாஹ் அறிய, எனக்குத் தெரியாது.

“நுரைச்சோலைக்குமா காணி உறுதி?” என்று சிரித்தார்.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க!” என்று சீறினேன். “இத வாங்க வேணாம். இது வாசல்ல நிண்டா எனக்கு உறக்கம் வராது.”

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

பின் சீட்டில் மகள் முன்னமே ஏறி இருந்தாள். பத்து வயது. புத்தளத்தில் பிறந்தவள், ஒரு நாளும் எங்கும் ஓடியறியாதவள்.

“உம்மா, நாங்க திரும்பி வரமாட்டமா?”

“வருவம் மகள், சும்மா ஒரு சுத்து.”

அவள் என் மடியில் இருந்த பையையே பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து வீட்டுக்குள் ஓடினாள். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டி, ஓதுகிற குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து ஏறி, கதவைச் சாத்தினாள்.