ஷாகிராவின் கை நின்ற இடம்

ஷாகிராவுக்கு வார்த்தைப் பைத்தியம். பெற்றவர்கள் இருவருக்குமே காது கேட்காது, பேச்சு வராது. ராயப்பேட்டையில் அந்த வீட்டில் அவள் முதன்முதலில் பேசியதே கையால்தான். வாயால் பேசக் கற்றுக்கொண்டதெல்லாம் பக்கத்து வீடுகளில். இப்போது அதுவே பிழைப்பு. காது கேட்கிறவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, இவர்கள் பேசுவதை அவர்களுக்குச் சைகையில் சொல்வாள். அவர்கள் சைகையை இவர்களுக்குப் பேச்சாக்குவாள். வங்கி, ஆஸ்பத்திரி, கல்யாணப் பேச்சு என்று எங்கே கூப்பிட்டாலும் கறுப்புச் சுடிதாரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கறுப்பு எதற்கு என்றால், கை பளிச்சென்று தெரிய வேண்டுமே, அதற்கு.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. என்ன அர்த்தத்தில் சொன்னார்கள் என்று பிடிபட்டால்தான் கை எழும். அப்படி அவளைப் பல வருஷமாகப் பாடாய்ப் படுத்துகிற வார்த்தை ஒன்று இருக்கிறது. அட்ஜஸ்ட்.

வெள்ளைக்காரன் எதையோ திருகிச் சரிசெய்வதற்கு வைத்திருந்த வார்த்தை. நம் ஆட்கள் கையில் சிக்கியதும் அது படாத பாடு படுகிறது! பாண்டி பஜார் தையல்காரர் ரவிக்கையை அட்ஜஸ்ட் பண்ணித் தருகிறேன் என்றால் பக்கத் தையலைப் பிரிக்கப் போகிறார். வீட்டுக்காரர் இன்றைக்கு ஒருநாள் தண்ணீரை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்றால், குளிக்காமல் ஆபீஸுக்குப் போ என்று அர்த்தம். ஷேர் ஆட்டோவில் ஏறினால் அது இடுப்பை நகர்த்துவது. ஒவ்வொன்றுக்கும் சைகை வேறு. ஒருநாள் லஸ் முனையில் ஆட்டோக்காரரிடம் ஷாகிரா கேட்டே விட்டாள்.

"அண்ணே, அட்ஜஸ்ட்டுன்னா இன்னா?"

"இன்னாக்கா இது? அட்ஜஸ்ட்டுன்னா அட்ஜஸ்ட்டுதான். நீ மொதல்ல தள்ளிக் குந்து, இன்னொருத்தர் வந்துக்கினு கீறாரு."

ஆட்டோவே சிரித்தது. ஷாகிராவும் சிரித்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்தாள். ஒன்றை மட்டும் கவனித்து வைத்திருந்தாள். அட்ஜஸ்ட் பண்ணு என்று சொன்ன ஆள் தன் இடத்தைவிட்டு அசைந்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அபிராமபுரத்தில், பல வருஷப் பழக்கமான ஸ்ரீரங்கன் மாமா வீட்டுக்குச் சைகை சொல்லப் போனாள். அவருடைய ஒரே பெண் மஹதிக்கு வரன் வந்திருந்தது. மஹதி என்று நாரதர் வீணையின் பேரை வைத்த பிறகுதான் குழந்தைக்குக் காது கேட்காது என்பதே தெரிந்தது. தாயில்லாமல் வளர்ந்தாலும் கெட்டிக்காரி. தி.நகர் நகைக்கடை ஒன்றில் கம்ப்யூட்டரில் நகை வரைகிறாள். பையன் சுஹாஸுக்கும் சின்ன வயதிலிருந்தே காது மந்தம், இரண்டு காதிலும் மெஷின். ஆனால் பேசுவான், உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வான். சைகை தெரியாது. இருவரும் சில மாதமாகப் போனில் எழுதி எழுதியே பழகிவிட்டார்கள். மஹதி போனைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பதை ஷாகிராவே பார்த்திருக்கிறாள். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவளுக்கும் உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

வாசலிலேயே மாமா அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஷாகிரா, பையனோட அம்மா ஏதாவது ஏடாகூடமா பேசினா, குழந்தைகிட்ட நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிச் சொல்லிடும்மா. நல்ல இடம். கையை விட்டுப் போயிடப்படாது."

"மாமா, அது மட்டும் என்னால ஆகாது" என்றாள் ஷாகிரா.

எதையும் மாற்றாமல் சொல்வது அவள் தொழிலில் சத்தியம். அறையில் காதில் விழுந்ததெல்லாம் கைக்கு வந்துவிடும். "இதை அவகிட்ட சொல்லாதே" என்று யாராவது சொன்னால், அதையும் சேர்த்தே சொல்லிவிடுவாள். ஆனாலும் மாமாவின் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

பையனின் அம்மா சூடாமணி மாமி நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். கோடை வெயில், மாட வீதிக் கூட்டம், காப்பி என்று பேச்சு போயிற்று. ஸ்ரீரங்கன் மாமா காப்பிப் பொடிக்குப் பதிலாக ரசப்பொடியை ஃபில்டரில் போட்டு டிகாக்ஷன் இறக்கிய கதையைச் சொல்ல, மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். ஷாகிராவின் கை வழியாக அது போய்ச் சேர்ந்ததும் மஹதியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சுஹாஸ் மட்டும் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா, அப்புறம் சொல்றேன்" என்றாள் மாமி.

ஷாகிரா அதையும் மஹதிக்குச் சொன்னாள். மஹதியின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. இந்த அறையில் மஹதிக்கு ஒரு ஆள் இருக்கிறாள், சுஹாஸுக்கு யாருமே இல்லை என்பது அப்போதுதான் இரண்டு பெண்களுக்கும் உறைத்தது.

மாமி காப்பி டம்ளரை வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"பொண்ணு லட்சணமா இருக்கா. எங்களுக்குப் பரம திருப்தி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிண்டு போனாப் போதும். வேற ஒண்ணும் எதிர்பார்க்கலை."

ஷாகிராவின் கை அந்தரத்தில் நின்றது. பொறுத்துப் போ என்று பொதுவாக ஒரு சைகையைக் காட்டிவிட்டு நகரலாம். யார் கேட்கப் போகிறார்கள்? கல்யாணமும் நடந்துவிடும். மாமா அவளையே கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆனால் தலையாட்டப் போகிறவள் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமல் ஆட்டினால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

"என்ன அட்ஜஸ்ட் மாமி?" என்று கேட்டுவிட்டாள்.

"அதாம்மா, அட்ஜஸ்ட்."

"எங்க பாஷையில அப்படி மொத்தமா ஒரு சைகை கிடையாது மாமி. எதை மாத்திக்கணும்னு சொன்னாத்தான் அவங்ககிட்ட சொல்ல முடியும். வேலையா, சமையலா, வேற எதுனாவா?"

மாமி புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நாலு பேர் முன்னாடி கையை ஆட்டிண்டு பேசப்படாது. அவ்வளவுதான். எங்க மனுஷா எல்லாரும் பார்ப்பா. ஆத்துல, ரூமுக்குள்ள எப்படி வேணா இருந்துக்கட்டும்."

கையால் பேசாதே என்பதை ஷாகிரா கையால்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

மஹதியின் கை பேச, ஷாகிராவின் வாயிலிருந்து வார்த்தை வந்தது.

"உங்காத்து வழக்கம் எல்லாம் கத்துக்கறேன் மாமி. உங்க சமையலும் எனக்குப் பிடிச்சுடும். ஆனா கையைக் கட்டிப் போட்டா நான் ஊமை. அப்படி என்னால இருக்க முடியாது. எனக்கு உங்க பிள்ளையை ரொம்பப் பிடிச்சிருக்கு. பிடிச்சிருந்தும் இதைச் சொல்றேன்."

ஸ்ரீரங்கன் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். சுஹாஸ் எல்லார் முகத்தையும் பார்த்துப் பதறிப்போனான்.

"என்னம்மா ஆச்சு? ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கேள்?"

"அப்புறம் சொல்றேன்டா, சும்மா இரு."

மஹதி இதற்கு மேல் பொறுக்கவில்லை. போனை எடுத்து மடமடவென்று எழுதினாள். அவன் அம்மா கேட்டது, தான் சொன்னது, நடுவில் அந்த ரசப்பொடிக் காப்பிக் கதை, ஒன்று விடாமல் எழுதி அனுப்பினாள். சுஹாஸ் அதைப் படித்தான். ஓர் இடத்தில் அவன் உதடு சிரிக்கப் பார்த்தது. முழுவதும் படித்ததும் போனை மடியில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

"சின்ன வயசிலேர்ந்து அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன்னுதான் சொல்லிண்டிருக்கே. ஒரு தடவையாவது சொல்லியிருக்கியாம்மா?" குரலின் அளவு தெரியாததால் அது கத்தலாகவே வந்தது.

மாமிக்கு வாய் குழறியது. "கையால பேச விட்டா உனக்குப் பேச்சே வராதுன்னு டாக்டர் சொன்னார்டா. நீ பேசணும்னுதானே உன் கையைப் பிடிச்சுப் பிடிச்சு வெச்சேன்..."

"பேச்சு வந்துடுத்தும்மா. ஆனா எங்கிட்ட யாருமே பேசலையே."

மாமியின் கன்னத்தில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. வந்ததிலிருந்து ஷாகிராவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக நேரே மஹதியின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ அவனுக்குச் சொல்லிக் குடும்மா. கையாலயே சொல்லு. நான் சொல்லாம விட்டதெல்லாம் நீ சொல்லு. பார்க்கறவா பார்த்துட்டுப் போகட்டும்."

ஷாகிரா அதை ஒரு எழுத்து விடாமல் மஹதிக்குச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.